மாமா போன பிறகு அவர் வளர்த்த நாய் கலெக்டர் சாப்பிட மறுக்கிறான், என்ன செய்யலாம்?

பாளையங்கோட்டைக்காரி:
என் தாய்மாமா போன மாதம் மாரடைப்பில் தவறிவிட்டார். எந்தக் கல்யாண வீட்டிலும் அவர் உட்கார்ந்த பக்கம்தான் கூட்டம் இருக்கும். சீட்டாட்டத்தில் கூசாமல் களவாங்குவார். பிடித்துவிட்டால், "உனக்குப் பிடிக்கத் தெரியுதான்னு பார்த்தேன்" என்பார். குற்றாலத்தில் சீசன் என்று பேப்பரில் வந்தால் போதும், அக்கா தங்கை பிள்ளைகள் அத்தனை பேரையும் வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஐந்தருவிக்குக் கிளம்பிவிடுவார். அப்பாவுக்கு வேலை இல்லாத காலத்தில் எங்கள் பள்ளிக் கட்டணத்தைக் கட்டியதும் அவர்தான். அதை அம்மா சொல்லித்தான் தெரியும்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அந்த மழையில் எங்கள் பக்கமும் தாமிரபரணி வெள்ளம் வந்தது. தள்ளுவண்டி மேல் நின்று கத்திக்கொண்டிருந்த ஒரு நாட்டு நாய்க்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார் மாமா. "நம்ம வீட்டுல ஒருத்தனும் கலெக்டர் ஆகல, இவனாவது ஆகட்டும்" என்று பெயரும் வைத்துவிட்டார். தெருவே கேட்க, "கலெக்டர் இன்னும் சாப்பிடலையா?" என்று அத்தையை அதட்டுவார். அத்தைக்கு மானம் போகும்.

இப்போது கலெக்டர் சோற்றை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறான். சாயங்காலம் ஆனால் கேட்டருகே போய்ப் படுக்கிறான். அத்தையைப் பெங்களூருக்கு வரச்சொல்லி மதினி கூப்பிடுகிறாள். நாயை என் மாடி வீட்டுக்குக் கூட்டி வரலாமா? (இறந்துபோன எஜமானுக்காக ரயில் நிலையத்தில் காத்துக் கிடந்த ஜப்பான் நாய் ஹச்சிகோவின் கதையை யாரும் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே பாதி உறவுக்காரர்கள் அனுப்பிவிட்டார்கள்.)

வேப்பேரி வாசகன்:
ஆழ்ந்த இரங்கல். ஏக்கம் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் டாக்டரிடம் காட்டுங்கள். நம் ஊரில் நாய் சாப்பிடவில்லை என்றால் உண்ணிக் காய்ச்சலையும் சந்தேகப்பட வேண்டும். ஈறு வெளுத்திருக்கிறதா, காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு அது ஆபத்து. உங்கள் பக்கம் ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

சிப்பிப்பாறை ரசிகன்:
உடம்பு சரியாகும் வரை இடம் மாற்றாதீர்கள். ஆளும் போய் வீடும் போனால் அது என்ன செய்யும்? மாமா நடத்திக் கூட்டிப்போன அதே நேரத்துக்கு, அதே தெரு வழியே யாராவது கூட்டிப் போங்கள். அவருடைய பழைய லுங்கி ஒன்றைத் துவைக்காமல் அது படுக்கும் இடத்தில் போடுங்கள். எங்கள் வீட்டில் தாத்தா போனபோது இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. அப்புறம், அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? நாயைப் பற்றியும் பெங்களூரைப் பற்றியும் மற்றவர்கள்தான் பேசுகிறீர்கள்.

பாளையங்கோட்டைக்காரி:
வேப்பேரி அண்ணா, உண்ணிக் காய்ச்சலேதான். ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருக்கிறதாம், டாக்ஸிசைக்ளின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நேற்று கொஞ்சம் முட்டை சாப்பிட்டான். அத்தையிடமும் கேட்டேன். "பெங்களூர்ல போய் நான் யாரைத் திட்ட? இவன் இங்க இருக்கட்டும், நானும் இருக்கேன்" என்கிறார். மதினிக்குக் கோபம், ஆனால் மாதம் ஒருமுறை வருகிறேன் என்று இறங்கி வந்திருக்கிறாள். லுங்கியும் போட்டாயிற்று. அத்தை முதலில் தர மாட்டேன் என்றார், பிறகு அவரே கொண்டுவந்து விரித்தார். மாத்திரையைத்தான் துப்பிவிடுகிறான். தயிர்ச் சோற்றில் வைக்கலாமா?

வேப்பேரி வாசகன்:
தயிர், பால் வேண்டாம். அவற்றோடு சேர்ந்தால் அந்த மருந்து உடம்பில் சரியாக ஏறாது. வேகவைத்த ஈரல் துண்டுக்குள் ஒளித்துக் கொடுங்கள், பின்னாலேயே தண்ணீர் குடிக்க வையுங்கள். தேறிவிட்டான் என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள், டாக்டர் சொன்ன நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும். உண்ணிக்கும் மருந்து கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் திரும்ப வரும்.