பல நாட்டு ஆட்கள் கூடும் இடத்தில் தாலாட்டும் முல்லா கதையும்

கனடாவின் டொராண்டோ நகரில் உள்ள ஸ்கார்பரோவில் ஒரே மாடிக்கட்டடத்தில் தமிழர், ஆப்கானியர், சோமாலியர், பிலிப்பினோக்கள் எல்லாரும் இருப்பார்கள். லிஃப்டில் தலையசைப்பதோடு சரி. இவர்களை ஓரறையில் இருத்தத் தாலாட்டுத்தான் நல்ல வழி. நாங்கள் 'ஆராரோ ஆரிரரோ' என்றதும் ஸ்பானிய மொழிக்காரர் தங்கள் 'அர்ரொர்ரோ'வை எடுப்பார். பாரசீகம் பேசுபவர் 'லாலா லாலா' என்று தொடர்வார்.

12 பேர் போதும். கதிரைகள் வட்டமாக, மேடையும் மைக்கும் வேண்டாம். ஆளுக்கு 7 நிமிடம் என்றால் ஒன்றரை மணிநேரத்துக்குள் முடியும்.

கீபோர்டை மட்டும் கொண்டுவராதீர்கள். பாரசீக, அரபு மெட்டுகளில் இரண்டு கட்டைக்கு நடுவே நிற்கும் சுரங்கள் உண்டு. வாசிப்பவர் பக்கத்துக் கட்டையை அழுத்துவார். பாடுகிற அம்மா தனக்குத்தான் சுருதி தப்பியது என்று நினைத்துப் பாதியில் நிறுத்திவிடுவார். வயலின் பரவாயில்லை. பின்னணியில் சுருதி ஒலிக்கும் தம்புரா செயலி வைப்பதானால், அவர் நாலு வரி பாடிய பிறகு அவருடைய சுருதிக்கு அதை வையுங்கள். முதலே 5 கட்டை என்று உயர்ந்த சுருதியில் வைத்தால் பழக்கமில்லாத குரல் எட்டாது.

*

அக்கா, மேலே நீங்கள் சொன்ன 7 நிமிடம் பாட்டுக்குச் சரி, கதைக்குக் காணாது. மொழிபெயர்ப்போடு 5 நிமிடக் கதை 10 நிமிடமாகும். மூன்று வசனத்துக்கு ஒருமுறை நிறுத்தச் சொல்லுங்கள். அதற்குமேல் போனால் மொழிபெயர்ப்பவர் சுருக்கிவிடுவார், கதையின் சுவை போய்விடும். பிள்ளைகளை மொழிபெயர்க்க விடவே கூடாது. தாய் திடீரென்று போரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

தொடக்கத்துக்கு முல்லா நஸ்ருதீனின் வேடிக்கைக் கதை நல்லது. துருக்கியருக்கு அவர் ஹோஜா, அரபுக்காரருக்கு ஜுஹா. வீட்டுக்குள் தொலைத்த சாவியை வெளிச்சம் இருக்கிறதென்று தெருவில் தேடும் கதையைப் பாதியில் நிறுத்தி, "உங்கள் ஊரில் எப்படி முடியும்?" என்று கேளுங்கள். ஆளுக்காள் முந்துவார்கள். "இங்கே எப்படி வந்தீர்கள்?" என்று மட்டும் கேட்காதீர்கள்; அகதி விசாரணை முடியாதவர் அடுத்தமுறை வரமாட்டார்.

*

இன்னொன்று. சில முஸ்லிம் குடும்பங்கள் வாத்தியத்தைத் தவிர்ப்பார்கள், வெறும் குரலென்றால் வருவார்கள், அழைக்கும்போதே கேட்டுவிடுங்கள். நோன்பு மாதத்தில் மாலை வேளை வேண்டாம். பதிவு செய்வதானால் குரலுக்கு, முகத்துக்கு, இணையத்தில் போடுவதற்கு என மூன்று அனுமதியையும் தனித்தனியே, அவரவர் மொழியில் வாங்குங்கள். ஊரில் இன்னும் உறவுகள் இருப்பவருக்குக் குரல் மட்டும் வெளியே போனாலும் ஆபத்துத்தான். தெரிந்தவர்களுக்கு ஆளை அடையாளம் காண அதுவே போதும்.