அடல்ட் ரொமான்ஸ்ல வன்முறை சீனும் நமக்குப் பழக்கமில்லாத ஈர்ப்பும், நீங்கல்லாம் எப்படி எழுதுறீங்க?

மலர்நிலா:

எல்லாருக்கும் வணக்கம். குடும்ப நாவல்தான் இதுவரைக்கும் எழுதிட்டு இருந்தேன், அடல்ட் ரொமான்ஸ் இப்பதான் முதல் தடவையா கை வெச்சிருக்கேன். ஆன்டி ஹீரோ கதை, பழிவாங்க கட்டாயக் கல்யாணம் பண்றான், அதுக்கப்புறம் முதல் ராத்திரி. வாசகிங்க யூடி (புது அத்தியாயம் போடுற அப்டேட்) கமெண்ட்லயே ஹீரோவை கொஞ்சம் முரட்டுத்தனமா காட்டுங்க சிஸ்னு கேக்குறாங்க, நானும் டிராஃப்ட்ல எழுதிட்டேன், அவ வேணாம்னு அழுறா, அவன் கேக்கல, அப்புறம் அவ உடம்பே அவன் பக்கம் சாயுதுன்னு. எழுதி முடிச்சு மறுநாள் படிச்சுப் பாத்தப்ப எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. அது ரொமான்ஸ் சீனா இல்ல, ரேப் சீனா இருக்கு. ஆனா ரேப்னு எழுதினா அவனை எப்படி கடைசில ஹீரோவா வெச்சு முடிக்கிறது?

இன்னொரு விஷயம். இதுல ஹீரோவோட தம்பிக்கு ஆம்பளைங்க மேலதான் விருப்பம். அவனுக்கும் ஒரு காதல், நெருக்கமான சீன் எல்லாம் வெக்கணும்னு ஆசை, ஏன்னா மத்த ஜோடிக்கு வெச்சுட்டு அவனுக்கு மட்டும் கதவை மூடினா அது அநியாயம்னு தோணுது. ஆனா எனக்கு அந்த உலகம் தெரியாது. தெரியாத ஒண்ணை எழுதலாமா, எழுதினா எதுல கவனமா இருக்கணும்? கொஞ்சம் விவரமா சொல்லுங்க ப்ளீஸ்.

சுமதி_வேலூர்:

மலர், டிராஃப்ட்லயே நின்னு யோசிச்ச பாரு, அதுவே பெரிய விஷயம்மா. நான் இந்த வகை நாவலை வருஷக்கணக்கா படிக்கிறேன், எழுதியும் இருக்கேன், அதனால நீளமா சொல்றேன், பொறுத்துக்கோ.

இது நம்ம ஊர்ல மட்டும் இருக்கிற பழக்கம் இல்ல. அமெரிக்காவுல 1970கள்ல வந்த சரித்திர ரொமான்ஸ் நாவல்ல ஹீரோ ஹீரோயினை முதல்ல பலாத்காரம் பண்ணுவான், கடைசில காதலிப்பான், அது லட்சக்கணக்குல வித்துச்சு. ஏன் பொம்பளைங்களே வாங்கிப் படிச்சாங்கன்னா, நல்ல பொண்ணு ஆசைப்படக் கூடாதுன்னு வளத்த காலம் அது. அவ கேக்கல, அவன்தான் எடுத்துக்கிட்டான்னு வந்தா படிக்கிறவளுக்குக் குற்ற உணர்ச்சி இல்லாம ஆசையை அனுபவிக்க முடியுது. நம்ம ஆன்டி ஹீரோவுக்கும் இதேதான் அடிப்படைன்னு நான் நினைக்கிறேன். 2008ல வந்த ஒரு ஆய்வுத் தொகுப்புல, அதுவரைக்கும் நடந்த ஆய்வுகளை வெச்சுப் பாத்தா 31லேருந்து 57 சதவீதம் வரைக்குமான பெண்களுக்கு வலுக்கட்டாயம் சம்பந்தமான கற்பனை எப்பவாவது வந்திருக்குன்னு சொல்றாங்க. அதனால இதைப் படிக்கிறவங்க யாரையும் நான் கேவலமா பாக்க மாட்டேன். ஆனா கற்பனைல கடிவாளம் முழுக்க அவ கைலதான் இருக்கு, அந்த ஆள் யாரு, எங்க நிறுத்தணும், எல்லாத்தையும் அவதான் முடிவு பண்றா, பிடிக்கலன்னா அந்த நிமிஷமே கலைச்சுடலாம். நிஜத்துல நடக்குற பலாத்காரத்துல அவ கைல எதுவுமே இல்ல. இந்த ரெண்டையும் ஒண்ணா குழப்புற இடத்துலதான் எழுதுறவங்க கோட்டை விடுறாங்க.

தொல்காப்பியத்துலயே இதுக்கு இடம் ஒதுக்கி வெச்சிருக்காங்க. 'மிக்க காமத்து மிடல்'னு, ஆசை எல்லை மீறி வலுக்கட்டாயமாப் போறது. அதை ஒத்த அன்பு இருக்கிற ஐந்திணைல சேக்காம, பொருந்தாத காமத்துக்கான பெருந்திணைலதான் வெச்சாங்க. எழுதவே கூடாதுன்னு சொல்லல, அன்புங்கிற கணக்குல எழுதாதேன்னு தனியா வெச்சுட்டாங்க. உனக்கும் நான் அதையே சொல்றேன். அந்த சீனை எழுது, ஆனா அது என்னன்னு உன் கதைக்குத் தெரியணும். யார் கண்ணு வழியா எழுதுறேன்னு பாரு. உன் டிராஃப்ட் அவன் பிஓவிலயா, அதாவது அவன் பார்வையிலயா இருக்கு? அவன் பிஓவில எழுதினா அவன் சாக்கு எல்லாம் நியாயமாத் தெரியும், அவன் சின்ன வயசு சோகம், அவங்கம்மா பட்ட கஷ்டம்னு போய்டும். அவ பிஓவிக்கு மாத்திப் பாரு, அந்த வர்ணனைல பாதி தானா உதுந்துடும்.

கார்த்திகா_ரீடர்:

எனக்கு இதுல கொஞ்சம் வேற கருத்து இருக்கு சுமதிக்கா. நான் இந்தக் கதைங்களை விரும்பிப் படிக்கிறவ. நாள் முழுக்க வேலை, மாமியார், புள்ளைங்க, ராத்திரி ஃபோன்ல அரை மணி நேரம் படிக்கிறேன். அது கதைன்னு எனக்குத் தெரியும். கொலைக் கதை படிக்கிறவன்கிட்ட போய் நீ கொலையை ஆதரிக்கிறியான்னு யாரும் கேக்கறதில்ல, பொம்பளைங்க ஆசையா படிக்கிற ஒண்ணுக்கு மட்டும் எல்லாரும் பாடம் எடுக்க வர்றீங்க. எனக்கு என்ன வேணும்னா, உள்ள போறப்பவே இது இப்படிப்பட்ட கதைன்னு சொல்லிடுங்க. ஆங்கிலத்துல ரசிகர்களே எழுதுற ஃபேன் ஃபிக்‌ஷன் படிக்கிற சைட்ல, ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்ல, பலாத்காரம்ங்கிறதே ஒரு முக்கிய எச்சரிக்கையா இருக்கு, எழுதுறவங்க அதைப் போடணும், இல்லன்னா எச்சரிக்கை எதுவும் போட விரும்பலைன்னாவது சொல்லியாகணும். படிக்கிறவ தெரிஞ்சேதான் உள்ள போறா. நம்ம தமிழ் சைட்ல 'குடும்பம், காதல்'னு டேக் போட்டுட்டு நாலாவது எபில (எபிசோட்ல) ரேப் சீன் வருது, அதுதான் எனக்குக் கோவம்.

தேன்மொழி_கவுன்சிலர்:

கார்த்திகா சொன்னதை நான் ஒத்துக்குறேன், கற்பனைக்காக யாரையும் வெக்கப்பட வெக்கக் கூடாது. ஆனா மலர் எழுதின அந்த ஒரு வரி, 'உடம்பே அவன் பக்கம் சாயுது'ங்கிறது, அதைப் பத்தி மட்டும் பேசணும். பாதிக்கப்பட்ட பெண்களோட வேலை பாக்குறவ நான். அவங்கள்ல பலர் வெளில சொல்லாம வெச்சிருக்கிற விஷயமே இதுதான். பயத்துலயும் வேண்டாத நேரத்துலயும் கூட உடம்பு தன்பாட்டுக்கு எதிர்வினை காட்டலாம், வெயில்ல வேர்க்குற மாதிரி, அதுல விருப்பத்துக்கு எந்த வேலையும் இல்ல. ஆனா அந்தப் பொண்ணு அப்ப எனக்கும் பிடிச்சிருந்துதோன்னு வருஷக்கணக்கா தன்னையே குத்திக்கிறா. கதைல உடம்பு சம்மதிச்சுடுச்சுன்னு எழுதுறப்ப அவளோட அந்த பயத்துக்கு நீங்க ஆமாம்னு பதில் சொல்றீங்க.

இன்னொண்ணு, கத்தணும் கடிக்கணும் தள்ளணும், அப்பதான் அது பலாத்காரம்னு கதைங்கள்ல ஒரு எண்ணம் இருக்கு. நிஜத்துல நிறைய பேர் உறைஞ்சு போய்டுறாங்க. ஸ்டாக்ஹோம்ல பாலியல் வன்முறைக்கான அவசர கிளினிக்குக்கு வந்த 298 பெண்களை வெச்சு நடந்த ஆய்வு 2017ல வந்துச்சு, அதுல 70 சதவீதம் பேர் அந்த நேரத்துல கணிசமான அளவுக்கு உறைஞ்சு போனதா சொல்லியிருக்காங்க. கையைக் கூடத் தூக்க முடியாது, குரல் வராது. இதை எழுத்துல கொண்டு வாங்க மலர், யாருமே எழுதல. அவ ஃபேனையே பாத்துட்டு இருக்கிறது, அப்புறம் பல நாளைக்கு அந்த ரூமோட வாசனை மட்டும் ஆகாம போறது, அவன் சாதாரணமா தோளைத் தொட்டாலே திடுக்கிடுறது. அடுத்த எபில சேலை மடிப்பு எடுத்து விடுற ரொமான்ஸ் வெச்சா முன்னாடி எழுதினதெல்லாம் பொய்யாயிடும்.

வக்கீல்_செல்வி:

சட்டத்துல இது எங்க நிக்குதுன்னு கொஞ்சம் சொல்றேன், உங்க கதைக்கு நேரடியா சம்பந்தம் இருக்கு.

2024 ஜூலை 1லேருந்து இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துடுச்சு, அதுல பலாத்காரத்தைப் பத்தினது 63வது பிரிவு. சம்மதம்னா வார்த்தையாலயோ சைகையாலயோ தெளிவா தானா முன்வந்து காட்டுறதுன்னு இருக்கு, உடம்பால எதிர்க்கலங்கிற ஒரே காரணத்துக்காக சம்மதிச்சதா எடுத்துக்கக் கூடாதுன்னும் இருக்கு, இது 2013 திருத்தத்துலயே வந்தது. தேன்மொழி சொன்ன உறைஞ்சு போறதுக்கு சட்டத்துலயே இடம் இருக்கு, நம்ம கதைங்கதான் இன்னும் பழைய காலத்துல நிக்குது. ஆனா அதே பிரிவுலதான், 18 வயசுக்குக் குறையாத மனைவிகிட்ட கணவன் நடந்துக்கிறது பலாத்காரம் ஆகாதுன்னு விதிவிலக்கும் இருக்கு. கட்டாயக் கல்யாணக் கதை எல்லாம் நிக்கிறது இந்த ஓட்டைலதான், தாலி கட்டிட்டா மத்தது தப்பில்லன்னு. சட்டம் விதிவிலக்கு குடுத்துட்டதால உங்க ஹீரோயினுக்கு வலி இல்லாம போகாது. அவ புகார் குடுக்கப் போய் இதுக்கு நேரா ரேப் கேஸ் போட முடியாதும்மான்னு கேக்குற ஒரு சீன் வெச்சுப் பாருங்க, அதுல இருக்கிற கனம் வேற எங்கயும் கிடைக்காது.

கெடுத்தவனையே கட்டி வெக்கிற முடிவும் வெறும் நாவல் சமாச்சாரம் இல்ல. 2015 ஜூன்ல சென்னை உயர் நீதிமன்றத்துலயே ஒரு பலாத்கார வழக்குல தண்டனை வாங்கினவனுக்கு, பாதிக்கப்பட்ட பொண்ணோட சமரசம் பேசட்டும்னு இடைக்கால ஜாமீன் குடுத்தாங்க. ஜூலை 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வேற ஒரு வழக்குல, பலாத்காரத்துல சமரசம்ங்கிற பேச்சுக்கே இடமில்ல, கல்யாணம் பண்ணி வெக்கிறதும் அந்தப் பொண்ணோட மரியாதைக்கு எதிரானதுன்னு சொன்னதும் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஜாமீன் உத்தரவைத் திரும்பப் பெற்றுது. அதனால முடிவை எழுதுறப்ப ஒரு தடவை யோசிங்க.

நிஜ சம்பவத்தை வெச்சு எழுதுறவங்க பாதிக்கப்பட்டவங்க யாருன்னு கண்டுபிடிக்கிற மாதிரி எதையும் விடாதீங்க, 72வது பிரிவுல அது குற்றம். கதாபாத்திரம் 18க்குக் கீழன்னா பாலியல் சீனே வேணாம், இதுல பேச எதுவும் இல்ல.

மதுரை_நிலவன்:

ரெண்டாவது கேள்விக்கு இன்னும் யாரும் வரலையே. நான் ஒரு கே ஆள், நிறைய தமிழ் தொடர்கதை படிப்பேன், அதனால சொல்றேன் மலர் அக்கா.

எழுதுங்க. தெரியாததை எழுதக் கூடாதுன்னா எங்களைப் பத்தி தமிழ்ல பாதிக் கதை வந்திருக்காது. 2021ல ரெண்டு பெண்கள் பாதுகாப்பு கேட்டுப் போன வழக்குல சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் என்ன பண்ணாருன்னு தெரியுமா, எனக்கு இதைப் பத்தி முழுசா புரியல, புரியாம தீர்ப்பு எழுத மாட்டேன்னு ஒரு மனநல நிபுணர்கிட்ட உக்காந்து பேசிக் கத்துக்கிட்டு வந்து எழுதினாரு. மாத்துறேன்னு சிகிச்சை பண்றதை எல்லாம் அதுலதான் தடுத்தாரு. ஒரு நீதிபதியே அவ்வளவு மெனக்கெட்டிருக்காரு, எழுதுறவங்க ஒரு நாலு பேர்கிட்ட பேசிட்டு எழுதலாம்.

நான் படிச்சு வெறுத்துப் போனதைச் சொல்லிடுறேன். சின்ன வயசுல யாரோ தப்பா நடந்துக்கிட்டாங்க, அதான் இவன் இப்படி ஆயிட்டான்னு வரும். அதை மட்டும் பண்ணிடாதீங்க. எங்களுக்குக் காரணம் தேவையில்ல, உங்க ஹீரோவுக்கு ஏன் பொண்ணுங்களைப் பிடிக்குதுன்னு நீங்க எபி போட்டு விளக்குறதில்லயே. அடுத்தது, ஒரு நல்ல பொண்ணு வந்ததும் சரியாயிடுவான். அப்புறம் நெருக்கமான சீன்ல ரெண்டு பேர்ல ஒருத்தனை அப்படியே ஹீரோயின் மாதிரி வெக்கப்பட வெச்சு, இன்னொருத்தனை ஆன்டி ஹீரோ ஆக்கிடுவாங்க, பேரை மட்டும் மாத்துன பழைய சீன். பலாத்காரத்தைக் கூட அங்க யாரும் பலாத்காரம்னு பாக்குறதில்ல, ஆம்பளைதானே தாங்கிப்பான்னு. அதுக்கு மேல, 'இயற்கைக்கு மாறான' உறவைக் குற்றம்னு சொன்ன பழைய தண்டனைச் சட்டத்தோட 377வது பிரிவு புது சட்டத்துல முழுசாவே இல்ல. 2018ல உச்ச நீதிமன்றம் வயசு வந்தவங்க விருப்பத்தோட இருக்கிறதை மட்டும்தான் அதுலேருந்து எடுத்துச்சு, கட்டாயத்துக்கு அது மிச்சம் இருந்துச்சு. இப்ப வயசு வந்த ஒரு ஆம்பளைக்கு பலாத்காரம் நடந்தா அதுக்குன்னு ஒரு பிரிவே கிடையாது. எங்களுக்கு இது கதை இல்ல அக்கா.

வேற என்ன வேணும்னா, சின்னச் சின்ன விஷயம். வாடகை வீட்டுல ரெண்டு பேரும் ஃப்ரெண்ட்ஸ்னு சொல்லி வெச்சிருக்கிறதால ஊர்லேருந்து அம்மா வர்றப்ப ரெண்டாவது பாய் எடுத்து விரிக்கிறது. கல்யாண வீட்டுல ஒரே பந்தில உக்காந்தும் பேச முடியாம இருக்கிறது. தொடுறதுக்கு முன்னாடி கதவு தாழ்ப்பாளை ரெண்டு தடவை பாக்குறது. ஆசை இருக்கிற இடத்துலேயே பயமும் இருக்கும், எங்க சீன்ல சூடு ஏறுறதே அங்கதான். அதை விட்டுட்டு உடம்பு வர்ணனை எவ்வளவு எழுதினாலும் அது நாங்க இல்ல. அப்புறம் 'ஓரினச்சேர்க்கையாளன்'னு எழுதாம தன்பாலீர்ப்பாளர்னு எழுதுங்க, எங்கள்ல நிறைய பேர் அப்படித்தான் சொல்லிக்கிறோம்.

ராகவி:

நிலவன் அண்ணா சொன்னதோட ஒண்ணு சேத்துக்குறேன். கட்டுறது, அடிக்கிறது, ஒருத்தர் சொல்படி இன்னொருத்தர் நடக்கிறதுன்னு கின்க் வர்ற கதைங்கள்லயும் இதே கோளாறுதான். அதைப் பண்றவனைக் காயம்பட்ட சைக்கோவா காட்டுவாங்க. 2013ல வந்த டிஎஸ்எம் 5ங்கிற மனநல மருத்துவக் கையேட்டுலயே, சம்பந்தப்பட்டவங்களுக்கு வேதனையோ அடுத்தவங்களுக்குப் பாதிப்போ இல்லன்னா அது நோய் இல்லன்னு பிரிச்சுட்டாங்க. நிஜத்துல அதுல இருக்கிறவங்க முன்னாடியே உக்காந்து எது வரைக்கும், எது வேணாம், நிறுத்தணும்னா என்ன வார்த்தைன்னு பேசி வெச்சுக்குவாங்க, முடிஞ்சதும் தண்ணி குடுத்து போர்வை போத்தி பக்கத்துலயே இருப்பாங்க. அந்தப் பேச்சை எழுதினா சூடு குறைஞ்சுடும்னு நினைக்கிறாங்க, குறையவே குறையாது, படிக்கிறவளுக்கு அடுத்து என்ன வரும்னு தெரிஞ்சுக்கிட்டே காத்திருக்கிறதுல வர்ற தவிப்பு இருக்கே, அதை நல்லா எழுதினா போதும். சம்மதம் இல்லாத முரட்டுத்தனத்துக்கு கின்க்னு பேர் வெக்காதீங்க.

மலர்நிலா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ரெண்டு தடவை படிச்சேன். முடிவு பண்ணிட்டேன். அந்த ராத்திரியை அவ பிஓவில மாத்தி எழுதுறேன், உடம்பு சாயுறதை எடுத்துடுறேன், அது ரேப்னு அவ வாயாலயே வரும். அவன் ஹீரோ இல்ல, கதையும் அவனோட முடியாது. வாசகிங்க நிறைய பேர் போய்டுவாங்க, பரவால்ல. முரட்டு ஹீரோ கேட்டவங்களுக்கு ராகவி சொன்ன மாதிரி பேசி வெச்சுக்கிட்டு நடக்குற ஒரு ஜோடியை அடுத்த கதைல எழுதுறேன். நிலவன் தம்பி, உங்க சீன் எழுதி முடிச்சதும் படிச்சுப் பாக்க முடியுமா, தப்பா இருந்தா தயங்காம சொல்லுங்க.

ஒரே ஒரு சந்தேகம், எச்சரிக்கை போட்டா கதை முன்னாடியே தெரிஞ்சுடாதா?

கார்த்திகா_ரீடர்:

தெரியாது சிஸ். முதல் எபி மேலயே 'திருமணத்துக்குள் நடக்கும் பாலியல் வன்முறை இந்தக் கதையில் உண்டு'ன்னு ஒரு வரி, யாரு எப்பங்கிறது வேணாம். அப்புறம் அந்த எபி வர்ற அன்னிக்கு மேல மறுபடியும் போடுங்க, தாண்டிப் போறவங்களுக்காக அடுத்த எபி ஆரம்பத்துல ரெண்டு வரில நடந்ததைச் சொல்லிடுங்க. நான் கண்டிப்பா படிப்பேன்.

மதுரை_நிலவன்:

அனுப்புங்க அக்கா, படிக்கிறேன். என் ஃப்ரெண்ட் ஒருத்தன்கிட்டயும் குடுக்குறேன், அவன் ஊர்ல கூட்டுக் குடும்பத்துல இருக்கான், உங்க தம்பி கேரக்டருக்கு என்னை விட அவன்தான் பக்கம்.