பாம்புக்கடி: டாக்டர் வரும்வரை நர்ஸ் செய்ய வேண்டியவை, ஊரில் சொல்லித்தர வேண்டியவை

வயலோரம் கேட்டது:
வணக்கம். அறுவடை நெருங்குகிறது, பாம்புக்கடி கூடும் காலம். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவில் ஸ்டாஃப் நர்ஸ் மட்டும்தான். போன் செய்தால் டாக்டர் வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குள் எதையெல்லாம் தயாராக வைக்க வேண்டும்? விஷம் ரத்தத்தை உறையவிடாமல் செய்கிறதா என்று பார்க்கும் 20 நிமிட ரத்த உறைதல் சோதனை ஆளுக்கு ஒரு மாதிரி வருகிறதே, ஏன்? நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் பாம்புக்கடி பற்றிப் பேசவும் வேண்டியிருக்கிறது. என்ன சொன்னால் மக்களிடம் நிற்கும்?

இரவுப்பணி எழுதியது:
சிஸ்டர், சோதனை பிசகுவதற்குக் குழாய்தான் முக்கியக் காரணம். புதிய, காய்ந்த கண்ணாடிக் குழாய் வேண்டும். கண்ணாடியின் மேற்பரப்புதான் உறைதலைத் தூண்டுகிறது. பிளாஸ்டிக்கிலோ சோப்புப் போட்டுக் கழுவிய குழாயிலோ நல்ல ரத்தமும் உறையாமல் போகலாம். அதை நம்பி விஷமுறிவு மருந்து ஏற்றினால் தேவையில்லாமல் ஒவ்வாமை ஆபத்து. 2 மில்லி சிரை ரத்தம் எடுத்து, குழாயை நிறுத்தி வைத்து, மணி குறித்துவிட்டு 20 நிமிடம் தொடாமல் விடுங்கள். இடையில் ஆட்டிப் பார்ப்பதும் முடிவைக் கெடுக்கும். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பாருங்கள். ரத்தம் ஓடினால் உறையவில்லை. சந்தேகம் இருந்தால் நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவரின் ரத்தத்தையும் அதே வகைக் குழாயில் வையுங்கள். முதல் சோதனையில் உறைந்துவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பாதீர்கள். முதல் 3 மணி நேரம் மணிக்கு ஒருமுறையும் பிறகு 6 மணி நேரத்துக்கு ஒருமுறையும் செய்ய வேண்டும். 24 மணி நேரம் கண்காணிப்பில் இருக்கட்டும்.

ஆள் வந்ததும் முதலில் மூச்சு, நாடி, ரத்த அழுத்தம். கடிபடாத கையில் ஐவி லைன் (ட்ரிப் ஏற்றும் ஊசிக்குழாய்). மோதிரம், வளையல், கொலுசு, மெட்டியைக் கழற்றிவிடுங்கள். வீக்கம் ஏறியபின் வெட்டித்தான் எடுக்க வேண்டும். வீக்கத்தின் எல்லையில் பேனாவால் கோடு போட்டு நேரம் எழுதுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும். டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் ரத்தக்கசிவைக் கூட்டும். டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசியை ரத்தம் உறைவது உறுதியான பிறகு போடலாம்.

இறுக்கமான கட்டோடு வந்தால் சட்டென்று அவிழ்க்காதீர்கள், தேங்கிய விஷம் ஒரேயடியாக ஏறி மூச்சு நிற்கவும் ரத்த அழுத்தம் விழவும் வாய்ப்பு உண்டு. ஐவி லைன், ஆம்பு பை (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை), விஷமுறிவு மருந்து மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, டாக்டர் முன்னிலையில் மெல்லத் தளர்த்துவதே நல்லது.

விஷமுறிவு மருந்துக்குத் தோல் சோதனை வேண்டாம், அது எதையும் முன்கூட்டிச் சொல்லாது. தொடக்க அளவு பொதுவாக 10 குப்பி. பொடியாக இருந்தால் ஒவ்வொன்றிலும் அதற்குரிய 10 மில்லி நீரைச் சேர்த்து மெதுவாகச் சுழற்றுங்கள், குலுக்கினால் நுரைத்துவிடும். பிறகு சலைனில் கலந்து சுமார் ஒரு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். தொடங்கும் முன்பே ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலினை சிரிஞ்சில் எடுத்து வையுங்கள்: பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். அரிப்பு, தடிப்பு, வாந்தி, இருமல் எது தெரிந்தாலும் ட்ரிப்பை நிறுத்தி அட்ரினலின் போடுங்கள். அடங்கியதும் டாக்டர் சொல்படி மெதுவாகத் தொடரலாம். ஒவ்வாமை வந்தது என்று மருந்தையே கைவிட்டால் விஷம் தன் வேலையைத் தொடரும்.

கிராமச் செவிலி எழுதியது:
ஊரில் "கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே" என்று மட்டும் சொன்னால் எடுபடாது. பதறி நிற்பவருக்குக் கைக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். உடைந்த காலுக்குக் கட்டுவதுபோல மட்டையும் துண்டும் வைத்து, ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாகக் கட்டச் சொல்லுங்கள். அங்கேயே ஒருவரை உட்காரவைத்துச் செய்து காட்டுங்கள். கடிபட்டவர் நடக்கக் கூடாது. 108 வரத் தாமதமானால் பைக்கில் ஓட்டுபவருக்கும் பின்னால் பிடித்துக்கொள்பவருக்கும் நடுவில் அவரை உட்கார வைத்துக் கொண்டுவரலாம். பாம்பைத் தேடி அடிக்கப் போனால் நேரமும் போகும், இரண்டாவது ஆளும் கடிபடுவார். மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் பொதுவானது, பாம்பைக் கொண்டுவரத் தேவையில்லை.

"மந்திரிச்சு நல்லாயிட்டாரே" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். விஷமில்லாத பாம்புகளும் கடிக்கும், விஷப் பாம்பும் சில சமயம் விஷத்தை இறக்காமல் கடிக்கும், அவர்கள் எந்த வைத்தியமும் இல்லாமலே பிழைத்திருப்பார்கள் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். மந்திரிப்பவரைப் பகைக்க வேண்டாம். "முதலில் ஆஸ்பத்திரிக்குப் போ, பிறகு வா" என்று அவரே சொன்னால் ஊர் கேட்கும்.

வயலோரம்:
நன்றி சிஸ்டர். குழந்தைக்கு மருந்தைக் குறைக்க வேண்டுமா? கடித்த தடமே இல்லாமல் வந்தால்?

இரவுப்பணி:
குறைக்கக் கூடாது. பாம்பு குழந்தைக்கென்று குறைந்த விஷம் இறக்குவதில்லை. கலக்கும் சலைனை மட்டும் எடைக்கேற்பக் குறைக்க வேண்டும். அட்ரினலின் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்.

தடமில்லாததுதான் கட்டுவிரியன். இரவில் தரையில் படுத்தவர், விடியலில் வயிற்றுவலி, தொண்டைவலி, இமை கனத்து மூடுகிறது என்று வந்தால் முதலில் அதையே நினையுங்கள். சாதாரண வயிற்றுவலி என்று ஊசி போட்டு அனுப்புவதில்தான் உயிர் போகிறது. ஒரே மூச்சில் எண்களை எண்ணச் சொல்லி, எதுவரை எண்ணினார் என்று 10 நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து வாருங்கள். எண்ணிக்கை இறங்கினால் மூச்சுத்தசை சோர்கிறது என்று பொருள். தசைச் சோர்வுக்குப் போடும் நியோஸ்டிக்மின் ஊசி நல்ல பாம்புக் கடியில் கைகொடுக்கும் அளவுக்குக் கட்டுவிரியன் கடியில் கொடுக்காது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவையுங்கள். ஆம்பு பை பிடிக்கத் தெரிந்த ஒருவர் கூடவே போகட்டும். கடித்த நேரம், அறிகுறி தொடங்கிய நேரம், ஏற்றிய குப்பிகள், ரத்தச் சோதனை முடிவுகள் எல்லாம் கடிதத்தில் இருக்க வேண்டும்.