நாலு நாளாக அப்பா ராத்திரி தூங்குவதில்லை, பகலில் பேச்சு குழறுகிறது: கல்லீரல் காரணமாக இருக்குமா?

பாலக்கோடு மகள்:
அப்பாவுக்கு 61 வயது. குடித்ததே இல்லை. 18 வருடமாகச் சர்க்கரை, அதோடு கொழுப்புக் கல்லீரல், இப்போது சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகிவிட்டது. வயிற்றில் நீர் கோத்திருப்பதால் நீர் மாத்திரை சாப்பிடுகிறார். நாலு நாளாக ராத்திரி முழுக்க கொட்டக் கொட்ட விழித்திருக்கிறார், பகலில் சோற்றுத் தட்டு முன்னாலேயே தூங்கி விழுகிறார். தக்காளிப் பெட்டிக் கணக்கை 30 வருடமாக நோட்டில் எழுதுகிறவர். நேற்றைய பக்கத்தில் எழுத்தெல்லாம் கோட்டை விட்டுக் கீழே சரிகிறது, 14 பெட்டியை 41 என்று எழுதியிருக்கிறார். மருந்துக்கடையில் தூக்க மாத்திரை கொடுத்தார்கள். ஒரு ராத்திரி போட்டதுக்கு மறுநாள் இன்னும் மோசம். லாக்டுலோஸ் சிரப்பைப் பத்து நாளாக நிறுத்திவிட்டோம், அடிக்கடி வெளியே போகிறது என்று அவரே வேண்டாம் என்றார். சித்தப்பா வயசுக் கோளாறு என்கிறார். அடுத்த வாரம் தருமபுரியில் செக்கப் இருக்கிறது. அதுவரை பொறுக்கலாமா?

காவேரிப்பட்டணம் அக்கா:
பொறுக்காதே தங்கச்சி, இன்றைக்கே கூட்டிப் போ. என் வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. தூக்கம் தலைகீழானதை நாங்கள் ஒரு வாரம் கண்டுகொள்ளவில்லை, கடைசியில் நினைவில்லாமல் தூக்கிக்கொண்டு ஓடினோம். குடலில் உண்டாகும் அம்மோனியாவைக் கல்லீரல் சுத்தம் செய்ய வேண்டும், முடியாதபோது அது மூளைக்குப் போய்விடுகிறது. அப்பாவை இரண்டு கையையும் நீட்டி, போலீஸ்காரர் வண்டியை நிறுத்துகிற மாதிரி மணிக்கட்டை மேலே மடக்கச் சொல். கை பறவைச் சிறகு மாதிரி தொய்ந்து தொய்ந்து எழுந்தால் அதேதான். ஆடவில்லை என்றாலும் நின்றுவிடாதே.

லாக்டுலோஸ் வேலை செய்வதே வெளியே போக வைத்துத்தான். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை இளக்கமாகப் போகிற அளவில் வைக்கச் சொல்வார்கள். அதற்கு மேல் போனால் அளவைக் குறைப்பார்கள், நாமாக நிறுத்தக் கூடாது. இப்போது அரைத் தூக்கத்தில் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாதே, புரையேறும்.

தருமபுரி நர்ஸ்:
அக்கா சொன்னதோடு ஒன்று. கிளம்பும் முன் குளுக்கோமீட்டரில் சர்க்கரை பாருங்கள், சர்க்கரை இறங்கினாலும் பேச்சு குழறும். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனதா, ரத்த வாந்தி உண்டா என்றும் பாருங்கள். அப்படி இருந்தாலோ, எழுப்பினாலும் சரியாகக் கண் திறக்கவில்லை என்றாலோ உடனே 108.

மலச்சிக்கல், தூக்க மாத்திரை, நீர் மாத்திரையால் உப்புச் சத்து குறைவது, உள்ளே ரத்தக் கசிவு, கிருமித் தொற்று, இதில் எது தூண்டிவிட்டது என்று தேடாமல் சிரப் மட்டும் கொடுத்தால் போதாது. வயிற்று நீரில் தொற்று இருந்தும் காய்ச்சலே இல்லாமல் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் ஊசியில் கொஞ்சம் நீர் எடுத்துப் பரிசோதிப்பார்களா என்று கேளுங்கள். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டிருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

ஊத்தங்கரை அண்ணன்:
ஒன்று மட்டும். இந்த வியாதிக்குப் பருப்பு, முட்டை, மோர் எல்லாம் ஆகாது என்று ஊரில் சொல்வார்கள். என் அம்மாவை அப்படிப் பட்டினி போட்டே எலும்பும் தோலுமாக்கினோம். புரதத்தை நிறுத்தக் கூடாது, படுக்கும் முன் ஏதாவது சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் தேறினார். குறைக்க வேண்டியது உப்பு. களிக்குத் தொட்டுக்கொள்கிற மாங்காய் ஊறுகாயை முதலில் எடுத்துவிடுங்கள் தம்பி தங்கைகளே.

பாலக்கோடு மகள்:
அன்று மத்தியானமே அட்மிட் செய்தோம். சர்க்கரை சரியாக இருந்தது, கை ஆடியது. வயிற்று நீரை எடுத்துப் பார்த்ததில் நியூட்ரோஃபில் செல், அதாவது கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணு, ஒரு கன மில்லிமீட்டரில் 600. 250-ஐத் தாண்டினாலே தொற்று என்றார்கள். ஆன்டிபயாட்டிக்கும், ஆல்புமின் என்கிற ரத்தப் புரதமும் ஏற்றினார்கள். தூக்க மாத்திரைப் பெயரைக் கேட்டதும் டாக்டர் முகம் மாறிவிட்டது, கொடுத்தது நான்தான் என்று சொல்லும்போது அழுதுவிட்டேன் அக்கா. மூன்றாம் நாள் அப்பா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இன்று காலை கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கி, 41-ஐ அடித்துவிட்டு 14 என்று எழுதினார். எழுத்து கோட்டின் மேலேயே நிற்கிறது.