மேரிலாந்து ரெனசான்ஸ் ஃபெஸ்டிவல்: கடைக்காரர்களிடம் வாய் கொடுத்த கதை

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், 16-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தை வேஷம் போட்டுக் காட்டுகிற திருவிழா இது. 1977-ல் தொடங்கியது, 1985-லிருந்து அனாபொலிஸ் பக்கத்தில் கிரவுன்ஸ்வில் என்ற ஊரில் நடக்கிறது. ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை, வார இறுதிகளில் மட்டும். மரங்களுக்கு நடுவே ரெவல் குரோவ் என்று ஒரு கற்பனைக் கிராமம், அந்தக் கால இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றிதான் ராஜா. என் வீட்டுக்காரர் போன உடனே குதிரைமேல் ஈட்டிச் சண்டை பார்க்க உட்கார்ந்துவிட்டார் (1962-லிருந்து அதுதான் மேரிலாந்தின் மாநில விளையாட்டாம்!). நானும் பையனும் கடைப்பக்கம் நடந்தோம், எனக்கு அதுதான் திருவிழாவே.

கார்செட் (இடுப்பை இறுக்கிப் பிடிக்கிற பெண்கள் மேலுடை) கடையில் ஒரு பெரியம்மா. வாங்குகிற எண்ணமே இல்லை என்று சொல்லியும் விடவில்லை, ஒன்றைப் போட்டுவிட்டு முதுகில் நாடாவை இழுத்து இறுக்கிவிட்டு, ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னார். நிற்கும்போது எல்லாமே பொருந்தின மாதிரிதான் இருக்குமாம், உட்கார்ந்தால்தான் விலா எலும்பில் குத்துகிறதா என்று தெரியுமாம். உள்ளே பிளாஸ்டிக் பட்டை வைத்தது உடம்புச் சூட்டில் வளைந்துபோகும், ஸ்டீல் பட்டைதான் வாங்க வேண்டும் என்றார். நாடா கோக்கிற துளைகளில் உலோக வளையம் இருந்ததே, அது 19-ஆம் நூற்றாண்டில் வந்ததாம், ஹென்றி காலத்தில் துளையைச் சுற்றி நூலால் தைப்பார்களாம். தன் கடைச் சரக்கையே இப்படிப் போட்டுக்கொடுத்துவிட்டு அவரே சிரிக்கிறார்.

அடுத்து இரும்பு வளையக் கவசம் பின்னுகிற ஒரு பையன். இரண்டு கையிலும் குறடு, பேசிக்கொண்டே பின்னுகிறான். ஒவ்வொரு வளையமும் சுற்றியுள்ள நான்கு வளையங்களுக்குள் போக வேண்டும், அவ்வளவுதான் கணக்கு, ஆனால் ஒரு சட்டைக்கு ஆயிரக்கணக்கில் வேண்டும். அந்தக் காலப் போர்க் கவசத்தில் வளைய முனைகளைத் தட்டையாக்கி ஆணி அடித்திருப்பார்கள், இவன் செய்வது முனைகளைச் சும்மா சேர்த்து அமுக்கியது, அதனால் வேஷத்துக்குத்தான் லாயக்கு என்று அவனே சொன்னான். என் பையனுக்கு ஒன்றை மாட்டினதும் தோள் இரண்டும் தொங்கிவிட்டது. உடனே இடுப்பில் ஒரு தோல் பெல்ட்டை இறுக்கிக் கட்டி, சட்டையை மேலே கொஞ்சம் இழுத்துவிட்டான். பாதி எடை இடுப்புக்கு இறங்கியதும் பயல் நிமிர்ந்து நின்றான். கழற்ற வைக்கத்தான் பெரும்பாடு.

எதை வாங்கினீர்கள் என்றால், அந்த பெல்ட் மட்டும்தான். மற்றதெல்லாம் விலை எகிறுகிறது, ஆனால் கையால் செய்வதைக் கண்ணெதிரே பார்த்த பிறகு அநியாய விலை என்று சொல்ல வாய் வரவில்லை. அநியாயம் சாப்பாட்டில்தான். வான்கோழிக் கால் ஒன்றுக்கு அவ்வளவு நீள வரிசை, கடைசியில் கிடைத்தது ஒரே உப்பு.

செப்டம்பரில் வேஷம் போட்டுக்கொண்டு போகிறவர்கள் வெல்வெட் உடை பக்கமே போகாதீர்கள், அந்தப் புழுக்கத்துக்குப் பருத்தி, லினன்தான் சரி. வாள் கொண்டுபோனால் உறையோடு சேர்த்துக் கட்டி வைக்க வேண்டும், உருவிக் காட்டக்கூடாது.