டிரான்ஸ்பரன்சி போட்டு மானம் போன கதை உங்களுக்கும் உண்டா?

டைப்பிங்கடை, யாங்கோன்:
போன மார்கழிலேர்ந்து மனசுல கெடக்கு, கொட்டிடுறேன். கடை உங்களுக்குத் தெரிஞ்சதுதான், அனோரதா ரோட்டுக் காளி கோயிலுக்கு ரெண்டு சந்து தள்ளி. ஜெராக்ஸ், பத்திரிகை அடிக்கிறது. மெஷின் பழசு, டெபியன் லினக்ஸ், எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப். அதோட சொந்தக் கம்போசிட்டர, அதான் விண்டோவுக்கு நிழல், டிரான்ஸ்பரன்சி போடுற புரோகிராம, அணைச்சுட்டு பிகாம்னு வேற ஒண்ணு போட்டிருந்தேன். கான்ஃபிக், அதான் செட்டிங்ஸ், எங்கேயோ கெடச்ச சாம்பிள் ஃபைல். நிழல் அழகா விழுதேன்னு பாத்ததோட சரி, உள்ள என்ன இருக்குன்னு படிக்கல.

ஒரு அப்பத்தா, பேத்தி கல்யாணப் பத்திரிகை புரூஃப் பாக்க வந்தாங்க. ரைட்டர்ல திறந்து மானிட்டர அவங்க பக்கம் திருப்பி வச்சேன். ரெண்டு தடவ வாய்விட்டுப் படிச்சாங்க. "200 அடிச்சா எவ்வளவுப்பா ஆகும்?"னாங்க. கால்குலேட்டரத் திறந்தேன். அவ்வளவுதான். ஃபோகஸ் அதுக்குப் போச்சு, பத்திரிகை விண்டோ 80 சதவீதத்துக்கு இறங்கிடுச்சு. நேர் பின்னால காலையில அடிச்ச கருமாதிப் பத்திரிகை மூடாமக் கெடந்திருக்கு.

கறுப்பாக்கூட இல்ல, சாம்பலாத்தான் தெரிஞ்சுது. ஆனா அந்தத் தடிச்ச பார்டர் பிள்ளையார் சுழிய வெட்டிக்கிட்டு ஓடுது. திருவளர்ச்செல்வி வரிக்குள்ள 'சிவபதவி அடைந்த'ன்னு எழுத்து. அப்பத்தா ஒண்ணுமே சொல்லல. முந்தானைய இழுத்து மூடிக்கிட்டு எந்திரிச்சாங்க, செருப்ப மாட்டுனாங்க, போயிட்டாங்க. குடுத்த அட்வான்சக்கூடத் திருப்பிக் கேக்கல.

மோல்மேன்காரன்:
அய்யோ அண்ணே. எனக்கு நடந்தது உல்டா. கரண்டு போயி ரெண்டு மணி நேரம், லேப்டாப்புல சார்ஜ் கொஞ்சந்தான். மிச்சம் புடிக்கலாம்னு கம்போசிட்டிங்க அணைச்சேன். அணைச்ச அதே நிமிஷம் தெரு முழுக்க 'மீ லாபீ', கரண்டு வந்துடுச்சுன்னு சத்தம், லைட்டு எரியுது. திரும்பிப் பாத்தா ஸ்கிரீன் மூலையில கான்கி, அந்த சிபியு, மெமரி காட்டுற குட்டி விண்டோ, ஓடுற எடம் அட்டக் கறுப்புச் சதுரம்! கரண்டு வந்த வேகத்துல டிஸ்பிளே அடிச்சிடுச்சுன்னே நெனச்சேன். ரிப்பேர் கடையில காட்டுனா பேனலே மாத்தணும்னுட்டாரு. மச்சான் வந்து கம்போசிட்டிங்குக்கு மறுபடி ஒரு டிக் போட்டான், சரியாப் போச்சு. ஆல்ஃபா, அதான் டிரான்ஸ்பரன்சி, இருக்கிற விண்டோ, கம்போசிட்டர் இல்லாட்டிக் கறுப்பாத்தான் நிக்குமாம். காசு குடுத்திருந்தேன்னா?

நிழல்மட்டும்:
டைப்பிங்கடை அண்ணே, கோவிச்சுக்காதீங்க, இதுல பிகாம் மேல ஒரு தப்பும் இல்ல. இன்ஆக்டிவ் ஒபாசிட்டி, அதான் ஃபோகஸ் இல்லாத விண்டோ எவ்வளவு அழுத்தமாத் தெரியணுங்கிறது, எழுதலேன்னா அது 1தான், விண்டோ முழுசாத்தான் தெரியும். உங்க சாம்பிள் ஃபைல்ல எவனோ 0.8 வச்சிருக்கான், நீங்க பாக்கல. கடை மெஷின்ல இந்த வெளையாட்டே கூடாது. கண்ணாடி வேணும்னா டெர்மினலுக்கு மட்டும் ஒபாசிட்டி ரூல் எழுதி 90 வையுங்க. இல்ல, எல்லாத்துக்கும் வேணும்னு அடம் புடிச்சா பின்னால பிளர் போட்டு மங்கலாக்குங்க, ட்யூவல் கவாசேங்கிற முறை. அதுக்கு பிகாம் வரையுற வழி, அதான் பேக்எண்ட், ஜிஎல்எக்ஸா இருக்கணும், எக்ஸ்ரெண்டர்ல நடக்காது. பிளர் இருந்திருந்தா பின்னால இருக்கிறது கருமாதியா காதுகுத்தான்னே தெரிஞ்சிருக்காது.

அப்புறம் நிழல். ரேடியஸ் 12, ஆஃப்செட் மைனஸ் 15, இதுதான் டீஃபால்ட், அதையே விடுங்க. தலைப்புப் பட்டைய ஆப்பே வரைஞ்சுக்கிற ஜிடிகே3 விண்டோவெல்லாம் நிழலையும் அதுவே வரைஞ்சுக்கும். பிகாம் அதுக்கு வெளியே இன்னொண்ணு வரையும். ஜிடிகே ஃப்ரேம் எக்ஸ்டென்ட்ஸ்ங்கிற அடையாளம் இருக்கிற விண்டோவ ஷேடோ எக்ஸ்க்ளூட்ல, அதான் நிழல் வேண்டாங்கிற லிஸ்ட்டுல, சேத்துடுங்க. டாக் டைப்பையும் சேத்துக்கோங்க, பேனலுக்குக் கீழ அழுக்கு மாதிரி விழாது. வீடியோ கிழிஞ்சு ஓடுனா விசிங்க் ஆன் பண்ணுங்க. எக்ஸ்எஃப்சிஇ கம்போசிட்டரையும் பிகாமையும் ஒண்ணா ஓட விடாதீங்க.

என் கதையா? அந்த டபுள் நிழலப் பாத்துக் கண்ணுதான் கெட்டுப்போச்சுன்னு புதுக் கண்ணாடி வாங்கிட்டேன்.

சைபர்கடைப் பெருசு:
தம்பி ரொம்பப் பேசுறாப்ல. கம்போசிட் எக்ஸ்டென்ஷன், லினக்ஸ்ல ஸ்கிரீன்ல விண்டோ காட்டுற எக்ஸ்.ஆர்க் 6.8லதான் வந்துச்சு, 2004. ஒவ்வொரு விண்டோவையும் தனித்தனியா மெமரியில வரைஞ்சு கடைசியில ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குற வித்தை. அதுக்கு முந்தி ஈடெர்ம் டெர்மினல்ல நாங்க பாத்ததெல்லாம் போலிக் கண்ணாடி. கீழ நாலு விண்டோ இருந்தாலும் வால்பேப்பர் மட்டுந்தான் தெரியும். அந்தப் போலியே மேல்ங்கறேன். அப்பத்தா பாத்திருந்தா பத்திரிகைக்குப் பின்னால வால்பேப்பர் முருகன்தான் தெரிஞ்சிருப்பாரு.

பெரில்னு ஒரு கம்போசிட்டர் வந்தப்ப கடையில ஒரு மெஷின்ல போட்டேன். பசங்க ஒரு மணி நேரக் காசக் கட்டிட்டு, மெயில்கூடப் பாக்காம, விண்டோவப் புடிச்சு ஜெல்லி மாதிரி ஆட்டிக்கிட்டே உக்காந்திருப்பானுங்க.

நிழல்மட்டும்:
பெரியவரே, அந்தப் போலி டெர்மினலுக்குள்ள மட்டும் உள்ள சங்கதி. ரைட்டருக்கு ஏது?

சைபர்கடைப் பெருசு:
ஒரு பேச்சுக்குச் சொன்னா உடனே புடிச்சுக்குவீங்களே.

மோல்மேன்காரன்:
எக்ஸுக்குப் பதிலா வந்த வேலண்டுக்குப் போயிட்டா இந்தத் தொல்லையே இல்லையாமே?

நிழல்மட்டும்:
அங்க பிகாமே ஓடாது. கம்போசிட்டர்தான் அங்க டிஸ்பிளே சர்வரே, உங்க மாதிரி சார்ஜ் போகுதுன்னு அணைக்கவும் முடியாது. அந்தப் பழைய லேப்டாப்புல எந்த கிராஃபிக்ஸ் இருக்கு? சொல்லுங்க, பாத்துச் சொல்றேன்.

டைப்பிங்கடை, யாங்கோன்:
தம்பி, கான்ஃபிக்க அன்னைக்கு ராத்திரியே 1 ஆக்கிட்டேன். நான் கேட்டது அது இல்ல.

பங்குனியில காளி கோயில் வாசல்ல அப்பத்தாவப் பாத்தேன். பக்கத்துல பேத்தி, தாலிக் கயித்துல மஞ்சள்கூட வெளுக்கல. அட்வான்ஸ் பணத்த மடிச்சு சட்டைப்பையிலயேதான் வச்சிருந்தேன். எடுத்துக்கிட்டுக் கிட்டப் போனேன். அப்பத்தா என்னப் பாத்தாங்க, பேத்தி கையப் புடிச்சு அந்தப் பக்கத்து வாசல் வழியா உள்ள கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க.