மடியைத் தொடாத ஆண்கள்: நூயர் வழக்கம் பற்றி ஒரு கேள்வி

கொரங்காட்டான்:
காங்கேயம் பக்கத்தில் உள்ள என் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வீட்டில் பால் பீச்சுவது அம்மிச்சியின் வேலை. அவருக்கு உடம்புக்கு முடியாத நாளில் அப்பிச்சியே (அம்மாவின் அப்பா) செம்பை எடுத்துக்கொண்டு கட்டுத்தரைக்குப் போய்விடுவார். அதை யாரும் குறையாகப் பேசியதில்லை. தெற்கு சூடானின் நூயர் மக்களிடையே, நெற்றியில் ஆறு கோடுகள் கீறப்பட்டு ஆண்மகனாகிவிட்டவன் அதன்பின் பால் கறக்கவே கூடாது என்ற வழக்கம் இருந்ததாக அண்மையில் படித்தேன். மாடே வாழ்வென்று இருந்த மக்கள் அதை ஆணுக்கு இழுக்காக நினைத்தது ஏன்? பெண்களின் வேலை தாழ்ந்தது என்பதுதான் காரணமா?

நொய்யல் கரை:
அண்ணா, அப்படி முடிவு கட்டிவிட வேண்டாம். 1930களில் அவர்களிடையே தங்கி ஆய்ந்த ஆங்கிலேய மானிடவியலாளர் எவன்ஸ்-பிரிச்சர்ட் எழுதியவற்றில், பெண்களும் கீறல் பெறாத சிறுவர்களுமே பால் கறந்தார்கள் என்று காண்கிறோம். கீறல் பெற்ற இளைஞனுக்கு ஓர் எருது கிடைக்கும். நாம் மயிலை, காரி, செவலை என்று மாட்டை அழைப்பதைப் போன்ற நிறப்பெயர், அங்கே அந்த எருதின் வழியாக அந்த இளைஞனுக்கே பெயராகும், அவன் அதைப் புகழ்ந்து பாட்டும் கட்டுவான். அவ்வளவு நெருக்கம் இருந்தும் பசுவின் பாலுக்கு அவன் தாயையோ மனைவியையோ தங்கையையோ எதிர்பார்த்தே இருக்க வேண்டும். எத்தனை மாடு இருந்தாலும் தனியாளாக ஓர் ஆண் வாழ்ந்துவிட முடியாதபடி அந்தத் தடை குடும்பத்தைக் கட்டி வைத்தது என்றே நான் கருதுகிறேன்.

அமராவதிப் பெண்:
ஒருவர் கையை எதிர்பார்ப்பது வேறு, அவருக்கு உரிமை இருப்பது வேறு. நூயர் திருமணத்தில் மணமகன் வீட்டார் கொடுத்த மாடுகள் பெண்ணின் தந்தைக்கும் உடன்பிறந்தாருக்கும் போயின. அந்த மாடுகளைக் கொண்டே அண்ணன் தனக்குப் பெண் கொண்டான். சகாராவின் துவாரெக் மக்களிடம் கூடாரம் மனைவியுடையது, மணமுறிவு நேர்ந்தால் வெளியேறுபவன் கணவன். முகத்தைத் துணியால் மறைப்பதும் அங்கே ஆண்களே. ஆகவே யார் பால் கறக்கிறார் என்பதைவிட எது யாருக்குச் சொந்தம் என்று கேட்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. நூயரிடையே பிள்ளைப்பேறு இல்லாத பெண் ஒருத்தி மாடுகளைக் கொடுத்து வேறொரு பெண்ணை மணந்து, அவள் பெறும் பிள்ளைகளுக்குத் தந்தையாக ஏற்கப்பட்டதும் உண்டு. தந்தை என்ற இடத்தை அங்கே உடல் தரவில்லை, மாடு தந்தது. என் அம்மா கண்ணும் கருத்துமாக வளர்த்த காளைக்கன்றுக்குக் கண்ணபுரம் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசியவர் என் மாமா. அம்மா அந்தச் சந்தையைப் பார்த்ததே இல்லை.

கொரங்காட்டான்:
நன்றி, அம்மா. எங்கள் வீட்டில் பால் சொசைட்டி அட்டை அப்பிச்சி பெயரில்தான் இருந்தது என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அந்தப் பணம் யார் கைக்கு வந்தது என்று இந்த வாரம் ஊருக்குப் போகும்போது அம்மிச்சியிடம் கேட்டு எழுதுகிறேன்.